அப்பாவின் சாம்பலும் ஒரு புன்னைக் கன்றும்

வாசகர் கேள்விகள்

இறப்பு, எரியூட்டல், மரம் நடுதல் பற்றிச் சில மாதங்களாகவே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை, பொருளின் தன்மை கருதித் தவிர்த்திருக்கிறேன்.

*

கேள்வி: கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்த நாளிலிருந்து அப்பா அந்தப் பக்கமே போகவில்லை. சென்ற மாதம் அவர் காலமானார். அஸ்தியில் ஒரு பகுதியைத் தோப்பில் குழியிலிட்டு, அதன்மேல் ஒரு மரக்கன்று நட விரும்புகிறோம். நாற்றங்கால்காரரோ, "சாம்பலைப் போட்டால் கன்று கருகிவிடும்" என்கிறார். உண்மையா? அப்பா அந்த மரத்தில் இருப்பார் என்று நாங்கள் நினைப்பது வெறும் ஆறுதல்தானா?
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: நாற்றங்கால்காரர் சொன்னது சரி. அடுப்புச் சாம்பலை வாழைக்கும் முருங்கைக்கும் தூவிப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் தகனத்திற்குப் பிறகு எஞ்சுவது விறகுச் சாம்பல் அன்று; பெரும்பகுதி எலும்பின் கால்சியம் பாஸ்பேட்டும், அதனுடன் சேர்ந்த சோடியம் உப்புகளும்தான். அதன் காரத்தன்மை சலவைச் சோடாவை ஒத்தது. உடலிலிருந்த நைட்ரஜன் முழுவதும் புகையோடு போய்விடுவதால், இளங்கன்றுக்கு முதலில் தேவைப்படும் ஊட்டம் அதில் இராது. பாஸ்பரஸ் இருந்தாலும் அந்தக் காரத்தில் வேர் அதை எளிதில் எடுத்துக்கொள்ளாது. ஆகவே இரண்டு மூன்று கிலோ சாம்பலை ஒரே குழியில் கொட்டி அதன்மேல் கன்றை நட்டால், அது வேர்விடுமுன்பே வாடும்.

செய்யக்கூடியது இதுதான்: முதலில் வெறும் மண்ணும் மட்கிய தொழுவுரமும் இட்டுக் கன்றை நடுங்கள். அது இரண்டு மழைக்காலங்களைக் கண்டு வேர்பிடித்த பிறகு, ஒரு கைப்பிடி சாம்பலுக்கு ஒரு கூடை மண்ணாவது சேர்த்துக் கலந்து, தண்டுக்கு அருகில் இல்லாமல் கிளைவிரிவின் ஓரத்தில் பரவலாகத் தூவுங்கள். ஐப்பசி மழை உப்பைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் தூவ வேண்டியதில்லை. ஆண்டுதோறும் திதியன்று ஒரு பிடி என்று வைத்துக்கொண்டால் மரத்துக்கும் நல்லது, உங்களுக்கும் ஒவ்வோர் ஆண்டும் தோப்புக்குப் போக ஒரு காரணம் இருக்கும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மரம் தன் உடலை மண்ணிலிருந்து எடுக்கிறது என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். நன்கு உலர்த்திய 200 பவுண்டு மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, ஐந்து பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டாக வளர்ந்திருந்தது. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தபோது இரண்டு அவுன்ஸ் அளவே குறைந்திருந்தது. மரம் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவுகட்டினார். அது பாதிதான் உண்மை. மரத்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அந்தக் கார்பன் முழுவதும் இலைகளின் வழியே காற்றிலிருந்து வந்தது.

எழுபது கிலோ எடையுள்ள ஒரு மனித உடலில் பன்னிரண்டு கிலோவுக்குச் சற்று மேலாகக் கார்பன் இருக்கிறது. உங்கள் தந்தையாருக்குத் தீமூட்டிய அன்றே அது கரியமில வாயுவாகிக் காற்றில் கலந்துவிட்டது. ஊரில் எஞ்சிநின்ற மரங்களும், வாய்க்கால் கரைப் புல்லும், அந்தப் பருவத்து நெற்பயிரும் அந்தக் காற்றைத்தான் உண்டன. எனவே அவர் மரத்தில் இருக்கிறாரா என்றால், இருக்கிறார். ஆனால் நீங்கள் நடப்போகும் ஒரு மரத்தில் மட்டும் என்று சொல்வதற்கில்லை. குழியிலிடும் சாம்பலால் அந்த உறவு வந்துவிடுவதும் இல்லை.

உறவு வேறு வழியில் வரும். விளையாட்டாக மணலில் அழுத்திய விதை முளைத்து மரமானபோது, அதற்கு நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்த தாய், "இது உங்களைவிடச் சிறந்த உங்கள் தங்கை" என்று சொன்னதாகவும், அதனால் அந்த மரத்தடியில் காதலனோடு பேச நாணுவதாகவும் நற்றிணையின் 172-ஆம் பாடலில் ஒரு பெண் சொல்கிறாள். அந்த மரத்தின் அடியில் யாருடைய அஸ்தியும் இல்லை. ஊற்றி வளர்த்ததால்தான் அது தங்கையாயிற்று. அது புன்னை மரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பகுதிக்கு நான் பரிந்துரைப்பதும் அதுவே. உப்புக் காற்றைத் தாங்கும். நிழல் அடர்த்தியாக இருக்கும். அதன் கொட்டையிலிருந்து விளக்கெரிக்க எண்ணெய் எடுத்த காலமும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் உங்கள் ஊர் கண்டதைப் போன்ற காற்று இனி வராது என்று யாரும் உறுதி கூற முடியாது. வங்கக் கடலின் நீர் சூடேறச் சூடேறப் புயல்கள் வலுப்பெறுவதற்கான வாய்ப்பும் கூடுகிறது. எனவே வேகமாக வளரும் அலங்கார மரங்களைத் தவிர்ப்பதே நல்லது.

*

கேள்வி: எரிப்பது, எரிவாயு மேடையில் தகனம் செய்வது, புதைப்பது, இவற்றில் பூமியின் வெப்பநிலைக்கு எது குறைந்த கேடு விளைவிக்கும்? நான் இறந்தபின் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிள்ளைகளிடம் எழுதிக் கொடுக்க விரும்புகிறேன்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்

பதில்: முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். இந்தியர் ஒருவரின் பங்குக்கு ஓராண்டில் சராசரியாக ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயு வெளியாகிறது. இறுதிச் சடங்கில் வெளியாவது அதில் ஒரு பகுதிதான். ஆகவே வாழ்நாளில் நீங்கள் ஏறிய வண்டிகளும், குளிரூட்டிய அறைகளும், கட்டிய வீடும்தான் பெரிய கணக்கு; இது சிறிய கணக்கு. ஆனாலும் நாட்டில் ஓராண்டில் இறப்பவர்கள் கோடிக்கணக்கில் இல்லாவிட்டாலும் பல லட்சங்களில் இருக்கிறார்கள் என்பதால் கேட்க வேண்டிய கேள்விதான்.

திறந்த சிதைக்கு 400 முதல் 600 கிலோ வரை விறகு ஆகும். 500 கிலோ உலர்ந்த விறகு எரிந்தால் ஏறக்குறைய 900 கிலோ கரியமில வாயு வெளிவரும். எரிவாயு மேடையில் ஒரு 19 கிலோ வணிகச் சிலிண்டர் முழுவதும் தீர்ந்தால்கூட அதிலிருந்து வருவது 57 கிலோ அளவில்தான் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்தால் முடிவு தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இரண்டு கார்பனும் ஒன்றல்ல. விறகில் இருப்பது சில ஆண்டுகளுக்கு முன் காற்றிலிருந்து எடுக்கப்பட்டது. வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் வளர்ந்தால் அது திரும்ப எடுக்கப்பட்டுவிடும். சிலிண்டரில் இருப்பதோ கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிலத்தடியில் கிடந்தது; அது காற்றுக்குப் புதுவரவு. எனவே, சவுக்குத் தோப்பில் வெட்டி மறுபடி நட்ட விறகுக்கும், ஏரிக்கரையின் பழைய புளியமரத்தை அறுத்துக் கொண்டுவந்த விறகுக்கும் வேறுபாடு உண்டு. புகையும் கரித்துகளும் ஊரார் நுரையீரலுக்குச் செய்வதைச் சேர்த்துப் பார்த்தால் திறந்த சிதைக்கு ஆதரவாக நான் வாதிட மாட்டேன். மின்தகன மேடையைப் பொறுத்தவரை, நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நம் கிராமங்களில் இன்றும் சில இடங்களில் வரட்டியை அடுக்கி, மேலே வைக்கோல் போர்த்திக் களிமண் பூசி, காற்றுக்குச் சிறு துளைகள் மட்டும் விட்டு எரியூட்டும் முறை இருக்கிறது. வெப்பம் வெளியே போகாமல் உள்ளேயே நிற்பதால் விறகு மிகக் குறைவாகவே பிடிக்கும். டெல்லியில் 1992-இல் தொடங்கப்பட்ட மோட்சதா அமைப்பு, புகைபோக்கியும் இரும்புத் தட்டும் வைத்து, விறகை 150 முதல் 200 கிலோ அளவுக்குக் குறைக்கும் மேடைகளை வடிவமைத்தது. வெப்பத்தை வீணாக்காமல் பிடித்துவைப்பதில் அந்தக் களிமண் பூச்சுக்கும் இந்த மேடைக்கும் தொலைவு அதிகமில்லை.

புதைப்பதில் கேடு உடலால் வருவதில்லை. நாம் அதைச் சுற்றி வைப்பவற்றால் வருகிறது. தேக்குப் பெட்டி, பித்தளைக் கைப்பிடி, சிமெண்ட் தொட்டி, மேலே மெருகேற்றிய கருங்கல் பலகை. இங்கிலாந்தின் கார்லைல் நகரில் 1993-இல், இவை எதுவும் இல்லாமல் மட்கும் துணியிலோ எளிய பெட்டியிலோ உடலை வைத்து, கல்லுக்குப் பதில் மரம் நடும் இயற்கைப் புதையிடம் தொடங்கப்பட்டு, பிறகு பிரிட்டன் முழுவதும் பரவியது. புதுமை என்று அவர்கள் கொண்டாடிய அந்த எளிமையை, தைக்காத வெள்ளைத் துணியில் சுற்றிப் பெட்டியின்றி மண்ணில் இடும் நம் இஸ்லாமிய அண்டைவீட்டார் நூற்றாண்டுகளாகச் செய்துவருகிறார்கள்.

கென்யாவில் கோடிக்கணக்கான மரங்களை நடச் செய்து, 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற வங்காரி மாத்தாய், தனக்காக ஒரு மரம்கூட வெட்டப்படக் கூடாது என்பதால் மரப்பெட்டி வேண்டாம் என்று சொல்லியிருந்தார். 2011-இல் அவர் மறைந்தபோது, மூங்கில் சட்டத்தில் ஆகாயத்தாமரைத் தண்டையும் கோரைநாரையும் பின்னிய பெட்டியில் வைத்து உடலைத் தகனம் செய்தார்கள். நம் குளங்களை எல்லாம் மூடிக்கிடக்கும் அதே ஆகாயத்தாமரைதான். தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டூவின் உடல் நெருப்பே இல்லாமல், சூடான காரநீரில் கரைக்கப்பட்டது. அந்த வசதி நம் ஊர்ப் பக்கம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு என் யோசனை: ஊரில் எரிவாயு மேடை இருந்தால் அதையே எழுதுங்கள். சந்தனக் கட்டை, டின் டினாக நெய், ஐம்பது மாலை, பத்து வண்டி ஊர்வலம், பட்டாசு ஆகியவை வேண்டாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் மறுக்கத் தெம்பு இருக்காது. உங்கள் கையெழுத்து மறுத்துக்கொள்ளும்.

*

கேள்வி: சமாதியின் மேல் மரம் நடுவதெல்லாம் வெளிநாட்டு நாகரிகம், நம் மரபில் இல்லை என்கிறார் என் மாமனார். விளக்க முடியுமா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் மாமனார் 'நம் மரபு' என்று ஒருமையில் சொல்வதுதான் சிக்கல். காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டை விவரிக்கும் இடத்தில் மணிமேகலை ஐந்து வகையினரை ஒரே மூச்சில் அடுக்குகிறது: சுடுவோர், வெறுமனே இட்டுவிடுவோர், தோண்டிய குழியில் கிடத்துவோர், தாழ்ந்த இடங்களில் வைத்து அடைப்போர், தாழியால் கவிப்போர். ஒரே ஊரில், ஒரே காலத்தில். ஆதிச்சநல்லூரிலும், கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகையிலும் கிடைத்த முதுமக்கள் தாழிகள் அதற்கும் முற்பட்டவை. சுட்ட மண்ணால் ஆன கலத்தில், மண்ணுக்குள், மண்ணோடு மண்ணாக.

திருமந்திரத்தின் ஏழாம் தந்திரம், ஞானியரின் உடலை எரிக்கலாகாது என்றும், ஒன்பது சாண் ஆழத்தில் குகை அமைத்து அடக்கம் செய்ய வேண்டும் என்றும் விதிக்கிறது. எரித்தால் நாடே வெந்துபோகும் என்றும் எச்சரிக்கிறது. புவி சூடேறும் இந்நாளில் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு 'அன்றே சொன்னார்' என்று சிலர் மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது வேறு பொருளில் சொல்லப்பட்டது. அதை அறிவியலாக்க வேண்டாம். சமாதிகளின் அருகில் வில்வமோ அரசோ நிற்பதைப் பார்க்க உங்கள் மாமனார் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பல குடும்பங்களில் குலதெய்வக் கோயில் என்பதே ஒரு முன்னோரை அடக்கம் செய்த இடமும், அங்கு வெட்டக் கூடாது என்று விடப்பட்ட மரங்களும்தான். அவருடைய குலதெய்வக் கோயிலில் என்ன மரம் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

*

கேள்வி: சியாட்டிலில் குடியேறிவிட்ட என் தம்பி, தான் இறந்தால் எரிக்கவும் புதைக்கவும் வேண்டாம், உடலை உரமாக்கிவிட வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறான். கேட்டதிலிருந்து அம்மா சாப்பிடவில்லை. இது என்ன முறை? அந்த மண்ணைக் காவிரிக்குக் கொண்டுவர முடியுமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வாஷிங்டன் மாநிலம் 2019-இல் இதற்கான சட்டத்தை இயற்றியது; 2020 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் இதற்கு முதலில் இடம் கொடுத்த மாநிலம் அதுதான். கட்டடக்கலை பயின்ற கேத்ரினா ஸ்பேட் என்பவர் பல ஆண்டுகள் முயன்று உருவாக்கிய முறை அது. மூடிய கலத்தில் மரச்சீவல், வைக்கோல், குதிரைமசால் ஆகியவற்றின் நடுவே உடலை வைத்துக் காற்றோட்டம் கொடுக்கிறார்கள். நுண்ணுயிர்கள் வேலைசெய்யத் தொடங்கியதும் உள்ளே வெப்பம் 55 பாகை செல்சியசுக்கு மேல் ஏறி, நோய்க்கிருமிகளை அழித்துவிடும். சில வாரங்களில் ஒரு கன மீட்டருக்குச் சற்றுக் குறைவான மண் கிடைக்கும். குடும்பத்தார் வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு, எஞ்சியதைக் காடு வளர்க்கக் கொடுத்துவிடலாம்.

'உரம்' என்ற சொல்தான் அம்மாவைப் புண்படுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். காவிரிப் படுகையில் பிறந்தவருக்கு எருக்குழி தெரிந்திருக்கும். மார்கழிக் காலையில் அதைக் கிளறினால் ஆவி பறப்பதையும் பார்த்திருப்பார். ஆனால் எருக்குழியில் போடுவது குப்பை என்ற நினைப்பு அவருக்கு இருக்கும் அல்லவா? ஆகவே உரம் என்று சொல்லாதீர்கள். மண்ணோடு சேர்க்கிறார்கள் என்று சொல்லுங்கள். அதுவும் பொய்யில்லை. இந்தியாவுக்குள் மண்ணையும் மட்கையும் கொண்டுவருவதற்குத் தாவர நோய்த்தடுப்பு விதிகள் குறுக்கே நிற்கும். விமான நிலையத்தில் சிக்கலாகும். அஸ்தி என்றால் உரிய சான்றுகளோடு கொண்டுவரலாம், மண் என்றால் முடியாது. காவிரிதான் வேண்டும் என்பதில் அம்மா உறுதியாக இருந்தால், அதைத் தம்பியிடம் இப்போதே சொல்வது நல்லது. அவர் எழுதிவைத்த தாளை அவரே மாற்றிக்கொள்ளக் காலம் இருக்கிறது.

*

கேள்வி: என் சொந்தத் தோப்பிலேயே என்னைப் புதைத்து, மேலே மாமரம் நடச் சொல்லி உயில் எழுதலாமா?
— ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: எழுதலாம், நிறைவேற்றுவது கடினம். தமிழ்நாட்டு ஊராட்சிப் பகுதிகளில் இடுகாடு, சுடுகாடு குறித்து 1999-இல் வகுக்கப்பட்ட விதிகள் இருக்கின்றன. குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகளோடு, அனுமதிக்கப்பட்ட இடத்தில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றமும் வலியுறுத்தியிருக்கிறது. அனுமதியின்றிப் புதைத்து, அண்டை நிலத்தார் வழக்குத் தொடர்ந்தால், உடலைத் தோண்டியெடுக்க நேரும்; அந்தத் துன்பத்தைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் போக வேண்டாம். தகனத்திற்குப் பிறகு அஸ்தியைத் தோப்பில் தூவுவது எளிது. எப்படித் தூவுவது என்பதை முதல் பதிலில் சொல்லியிருக்கிறேன்.

*

கேள்வி: எனக்கு 78 வயது. மனைவியின் நினைவாக ஒரு மரம் நட விரும்புகிறேன். எங்கள் ஊரில் தண்ணீர் இல்லை. நினைவு நாளில் நட்ட கன்றுகள் எல்லாம் அடுத்த சித்திரைக்குள் பட்டுப்போகின்றன. நான் நட்டுவிட்டுப் போனால் யார் ஊற்றுவார்கள்? ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு இருக்கப்போகும் வெயிலை எந்த மரம் தாங்கும்?
— ஒரு வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் மறைந்தபோது, ஊர்தோறும் அவர் நினைவாகக் கன்றுகள் நடப்பட்டன. அப்துல் கலாமின் சொல்லை ஏற்று லட்சக்கணக்கில் கன்று நட்டவருக்கு அது பொருத்தமான அஞ்சலிதான். ஆனால் நட்ட கன்றைப் பற்றிய செய்தி வரும். பிழைத்த கன்றைப் பற்றி வராது. ஒரு கன்று தானாக நிற்க நம் வெயிலில் குறைந்தது மூன்று கோடைகள் தண்ணீர் வேண்டும். உங்கள் ஊரில் பட்டுப்போனவை பெரும்பாலும் வெயிலால் மட்டும் பட்டிருக்காது. பையிலேயே வேர் சுருண்டு, ஆறடி உயரத்துக்கு வளர்க்கப்பட்டு, புகைப்படத்திற்கு அழகாக இருக்கும் கன்றாக வாங்கி நட்டிருப்பார்கள். சிறிய கன்றே நல்லது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் வீழ்த்திய மரங்களில் வெளிநாட்டு அலங்கார மரங்கள் மிகுதி. வேம்பும் புங்கமும் பூவரசும் ஒப்பீட்டளவில் நின்றன.

உங்களுக்கு நான் சொல்வது பனை. வளர்ந்த கன்றைப் பிடுங்கி நட முடியாத மரம் அது, ஏனென்றால் முளைத்ததும் இலையை மேலே அனுப்பும் முன்பே வேரை ஆழத்துக்கு அனுப்பிவிடும். அதனாலேயே அதற்கு யாரும் தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை. ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டையைப் பொறுக்கி, மழைக்கு முன் அரையடி ஆழத்தில் புதைத்தால் போதும்; காசும் இல்லை. புயலுக்கும் வறட்சிக்கும் அது எப்படி நிற்கும் என்பதை உங்கள் மாவட்டத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆணா பெண்ணா என்பது பாளை வரும்வரை தெரியாது. அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஒன்றுக்குப் பத்தாகப் போட்டுவையுங்கள்.

ஒரு கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த எடை ஒரு டன் வரும் ஒரு பெரிய மரம், தன் வாழ்நாள் முழுவதும் சேர்த்துக் காற்றிலிருந்து எடுத்து வைத்திருப்பது 1.8 டன் கரியமில வாயுதான்; அதாவது நம்மில் ஒருவர் ஓராண்டில் வெளியிடுவதைவிடச் சற்றுக் குறைவு. எனவே நினைவு மரங்களால் புவியின் வெப்பம் தணிந்துவிடும் என்று நான் எழுத மாட்டேன். உங்கள் ஊரில் அந்த இடத்தில் நிழலும், பறவைக்கு ஒரு கூடும், மண்ணரிப்புக்கு ஒரு தடுப்பும் இருக்கும். உங்கள் மனைவியின் பெயரைச் சொல்லி யாரேனும் நுங்கு வெட்டக்கூடும்.

ஓர் எச்சரிக்கை மட்டும். தை மாதத்தில் மண்ணுக்குள் கிழங்கு இறங்கியிருக்கும். அந்த இடத்தில் தோண்ட வேண்டாம் என்று பேரப்பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பத்தில் இரண்டை அவர்கள் எப்படியும் அவித்துத் தின்றுவிடுவார்கள். அதற்காகவும்தான் பத்து போடச் சொன்னேன்.